ஆளைத் தேடி நடந்த குழி

ரேவதி, தினகரா,

நேற்று ஷிப்ட் முடிந்து வந்ததும் ரேவதி ஒரு விஷயம் சொன்னாள். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் சிரிக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததை உங்கள் அம்மா மட்டும் பார்த்துவிட்டாள். ரேவதி வேலை செய்கிற கம்பெனியின் பழைய ஷெட்டில், தெற்குக் கோடியில், கடைசித் தூணுக்குப் பக்கத்தில் யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லையாம். சூப்பர்வைசருக்குக் கோபம் வந்தால் ஆளை வடக்குப் பக்கம் கூட்டிப்போய்த்தான் திட்டுவாராம். ஏன் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாதாம். "அங்க பேய் கீதாம்ப்பா" என்றாள். "பேய்க்கும் ஓ.டி. குடுப்பாங்களா?" என்று தினகரன் கேட்டான்.

பேய் இல்லை. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாயால் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவீர்கள், அதனால் எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

பேயைப் பார்த்து ஓடினவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெறிநாயைப் பார்த்து ஓடினவர்களையும், பெண்டாட்டியைப் பார்த்து ஓடினவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு குழிக்குப் பயந்து, அது தன் வீட்டைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தினமும் காஞ்சிபுரத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போன ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோரும் குழி மேஸ்திரி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். அப்போது இந்த ரோட்டில் கம்பெனிகள் கிடையாது, கம்பெனிகள் வரப்போகின்றன என்ற பேச்சுதான் இருந்தது. வேர்க்கடலை போட்ட நிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இரும்புத் தூண்கள் முளைக்க ஆரம்பித்திருந்தன. சுங்குவார்சத்திரத்துக்குக் கிழக்கே எழுந்துகொண்டிருந்த ஒரு ஷெட்டில் எனக்கு வாட்ச்மேன் வேலை. வாலாஜாபாத் பாலாற்றிலிருந்து வரும் மணல் லாரிகளை கேட்டில் நிறுத்தி, அளவுக் குச்சியை மணலில் குத்திப் பார்த்து உள்ளே விடவேண்டும். ரேவதி இப்போது வேலை செய்வது அதே ஷெட்டில்தான்.

மழைக்காலம் தவிர மற்ற நாளில் பாலாற்றில் தண்ணீரைப் பார்க்க முடியாது. கரையிலிருந்து கரைவரை வெள்ளை மணல்தான். ஆட்கள் அதில் இறங்கி மம்முட்டியால் வெட்டி, இரும்புப் பாண்டில் வாரி, தலைக்குமேல் தூக்கி லாரியில் கொட்டுவார்கள். அந்த ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி இவர். மூங்கில் கழிக்குச் சட்டை மாட்டியது போல இருப்பார். லோடு ஏற்றுகிறவர்கள் ஆற்றோடு நின்றுவிடுவார்கள். இவர் மட்டும் நாளின் கடைசி லோடின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எங்கள் சைட்டுக்கு வந்து சேர்வார்.

வந்தவுடன் சிமெண்டுக்கு வைத்திருக்கும் தண்ணீர் டிரம்மிடம் போவார். ஆரம்பிப்பார் கால் கழுவ. விரல் இடுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்து தேங்காய் நாரால் தேய்ப்பார். லுங்கியை அவிழ்த்து உதறி, திருப்பி உதறி, சட்டைப் பையை வெளியே இழுத்துத் தட்டி, தலையை வாரி, காதைக் குடைந்து, கடைசியில் வாயைக் கொப்பளித்துத் துப்புவார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு நேரம் ஆகாது.

எங்கள் சூப்பர்வைசர் செல்லையா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்து வயலில் கொக்கு பறந்துவிடும்.

"என்னவே இது? கட்டடத்துக்கு வச்ச தண்ணியில காலக் கழுவுதீரு? அப்படி என்னத்த மிதிச்சிட்டு வந்தீரு?"

"மண்ணுதான் சார்."

"மண்ணுக்கா இந்தப் பாடு?"

"ஒரு பொட்டு ஒட்டிக்கினு வூட்டுக்கு வந்தாலும் அதுக்கு வழி தெரிஞ்சி பூடும் சார்."

"எதுக்கு வழி தெரியும்?"

"குழிக்கு."

செல்லையா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "இந்தாளுக்குத் தனியா ஒரு டிரம்மு வையிடே" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

கழுவி முடித்ததும் சுங்குவார்சத்திரம் வரை நடந்து, காஞ்சிபுரம் பஸ் ஏறுவார். அங்கே இறங்கி வேறொரு பஸ் பிடித்து, ஊருக்குப் பின்பக்கமாக நுழைவார். மணல் வெட்டுகிற இடத்திலிருந்து ஆற்று வழியாக நடந்திருந்தால் ஒரு பீடி அணைவதற்குள் வீடு. எந்த ஊர் என்று கேட்டால் சொல்லமாட்டார். ஒருநாள் டீக்கடையில் டீ மாஸ்டர் விளையாட்டாக, "எந்த ஊரு மேஸ்திரி, ஒரே ரகசியமா கீது?" என்றார். இவர் வாயில் விரல் வைத்து, ரோட்டோரம் நின்ற லாரியைக் கண்ணால் காட்டினார். "லோடு இன்னும் எறக்கல. மண்ணு கேட்டுகினு கீது." டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு எல்லோரும் லாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். தார்ப்பாய் போட்ட அந்த மணலிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

என்ன சங்கதி என்று ஒருநாள் சாயந்திரம் நான் கேட்டேன். தூக்குச் சட்டியை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்.

"ஆடியில மேல எங்கியோ மழ பேஞ்சி ஆத்துல கொஞ்சம் தண்ணி வந்தது பாரு. அதுக்கு மொத நாளு சாயந்திரம் குழிய தொவைக்கிற கல்லுக்கு நேரா வுட்டுட்டு வந்தேன் நைனா. தண்ணி வடிஞ்சதும் போய்ப் பாக்கறேன், அங்க குழியக் காணோம். பாய் விரிச்ச மாதிரி கீது மண்ணு. சரி, தண்ணி ரொப்பிட்டுதுன்னு திரும்பறேன்... மேல்பக்கம், எங்க ஊர் பக்கமா, ஒரு குழி கீது."

"வேற யாராவது வெட்டியிருப்பாங்க மேஸ்திரி."

"வெட்டினா ஓரத்துல மம்முட்டித் தடம் இருக்குமா இருக்காதா? தடமே இல்ல. நாக்கால நக்கி எடுத்த மாதிரி வழவழன்னு கீது. என் குழிதான் அது. என் குழி எனக்குத் தெரியாதா?"

அவர் அதைச் சோதித்தும் பார்த்தாராம். அந்தக் குழிக்கு மேல்பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பங்கொம்பை நட்டார். அடுத்த தடவை ஆற்றில் லேசாகத் தண்ணீர் ஓடி நின்றது. போய்ப் பார்த்தால் கொம்பு குழிக்குள் இருந்தது. விழுந்து கிடக்கவில்லை. நட்டது நட்டபடி, அடியில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

"அது என்னத் தேடிகினு வருது" என்றார். "மொத மம்முட்டி போட்டவன் நான்தானே? வவுத்த காலி பண்ணவன் நான். ரொம்பற வரைக்கும் மேல்பக்கமா தின்னுகினே வரும். பசி."

பிள்ளைகளே, பிற்பாடு நான் இதைப் பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆற்றில் பள்ளம் தோண்டினால், அடுத்து வருகிற தண்ணீர் அந்தப் பள்ளத்தை ரொப்பப் பார்க்கும். ரொப்ப மண் வேண்டுமே? மேலே இருக்கிற மண்ணை அரித்துக்கொண்டு வரும். கீழ்ப் பள்ளம் தூர்ந்து மேலே புதுப் பள்ளம் விழும். அதை ரொப்ப இன்னும் மேலே அரிக்கும். இப்படித்தான் பள்ளம் தண்ணீர் வந்த திசையைப் பார்த்து நடக்கும். இதில் மாயமில்லை. ஆனால் இதை எழுதும்போதே எனக்குக் கைமயிர் நிற்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

குழிக்குப் பசி என்று முடிவானதும் மேஸ்திரி அதற்குச் சாப்பாடு போட ஆரம்பித்தார். தினமும் காலையில் ஒரு பன், ஒரு பீடி. பன்னைக் குழியின் விளிம்பில் வைத்து, பீடியைப் பற்றவைத்துப் பக்கத்தில் செருகுவார். லாரி டிரைவர் துரைக்கு இது தாங்க முடியாத வேடிக்கை. ஒருநாள் மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பியதும் பன்னை எடுத்துத் தின்றுவிட்டு, பீடியையும் இழுத்துவிட்டு, வண்டியை எடுத்தான். தினமும் போய் வருகிற அதே தடம். லாரியின் பின் சக்கரம் சத்தமில்லாமல் உள்ளே இறங்க ஆரம்பித்தது. துரை ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. அச்சு வரைக்கும் மண். மற்ற லாரிகள் சேர்ந்து கயிறு கட்டி இழுத்து மேலேற்ற சாயந்திரம் ஆகிவிட்டது.

"யோவ் மேஸ்திரி, நான்தான்யா துன்னேன். சொல்லுய்யா அதுக்கு, தெரியாம துன்னுட்டேன்னு" என்று துரை கெஞ்சினானாம்.

"நீயே சொல்லு. எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்த இல்ல."

அடுத்த நாளிலிருந்து எல்லா டிரைவர்களும் ஆளுக்கொரு பன் கொண்டுபோனார்கள். வாலாஜாபாத் பேக்கரிக்காரர் ஆற்றில் ஏதோ புதுக் கோயில் வந்திருக்கிறது என்றே நம்பினார்.

இவ்வளவு பயப்படுகிறவர் ஏன் இன்னும் தோண்டுகிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். "உன்னத்தானே தேடுது? வேற வேலைக்குப் போய்டேன் மேஸ்திரி. அது வந்து பாத்துட்டு திரும்பிப் போவட்டும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் இங்க இல்லன்னா அது வூட்டுக்கே தேடிகினு வரும். என்னத் தூக்கிகினு போனா போவட்டும் நைனா. வழியில அஞ்சல படுத்துகினு கீறாளே."

அஞ்சலை அவருடைய மனைவி. இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் ஊர் இடுகாடு ஆற்றங்கரையில். ஒரு புங்கமரத்தடியில் புதைத்து, நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தார்.

"அவளுக்கு இழுப்பு" என்றார். "மூச்சு வுட முடியாது. கட்டிகினு வந்த நாளா அவ படுத்து நான் பாத்ததில்ல. சுவத்துல சாஞ்சி உக்காந்துகினேதான் தூங்குவா. தூங்குவா இன்னா தூங்குவா, புஸ்ஸு புஸ்ஸுன்னு இழுத்துகினே இருப்பா. நடுவுல முழிச்சிகினு என்னத் திட்டுவா. இப்பதான் கால நீட்டிப் படுத்துகினு கீறா. இது போயி அவள எழுப்பி வுட்டா?" என்று நிறுத்தி, தலையை ஆட்டினார். "அவ வாயி உனக்குத் தெரியாது. குழியே ஓடிப் பூடும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறேழு மாதம்கூட இருக்காது. அன்று வீட்டுக்குப் போய் உங்கள் அம்மா தூங்குகிறாளா என்று பார்த்தேன். "இன்னாய்யா அப்பிடிப் பாக்கறே?" என்று விழித்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பாவம், அவருக்கு அது தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

"மாடு வரமாட்டேன்னு மொரண்டு புடிச்சா இன்னா பண்ணுவோம்? புல்லுக்கட்டக் காட்டிகினு முன்னால போவோம். பின்னாலயே வரும். இது குழி. இதுக்கு ஒரு பெரிய குழியக் காட்டணும். கீழ்ப்பக்கமா, ரொம்ப தூரம் தள்ளி, இதுவரைக்கும் யாரும் வெட்டாத ஆழத்துக்கு ஒண்ணு வெட்டறேன். இது எங்க ஊர வுட்டுட்டு அத்தப் பாத்து எறங்கிப் பூடும்."

ஆட்களை எல்லாம் கீழே கூட்டிக்கொண்டு போனார். வெட்டினார்கள். லாரிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அடி மணல் பருப்பு மாதிரி சுத்தமாக இருந்தது. செல்லையாவே கையில் அள்ளிப் பார்த்து, "இதுல்லா மணலு!" என்றார்.

அந்தப் பெரிய குழியைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை துரையோடு போனேன். நல்ல வெயில். ஆனால் உள்ளே இறங்க இறங்கக் குளிர்ந்தது. தலைக்குமேல் வெள்ளை மணல் சுவர். அடியில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் ஊறி நின்றது. வெளியே காகம் கத்துவதுகூட உள்ளே கேட்கவில்லை. வேறொன்று கேட்டது. மணல் சுவரிலிருந்து பொடி மணல் ஓயாமல் சரிந்துகொண்டிருந்தது. புஸ்ஸு... நிற்கும். மறுபடி, புஸ்ஸு... யாரோ மூச்சு இழுக்கிற மாதிரி.

துரை என் கையைப் பிடித்துக்கொண்டான். "மேல போலாம்ண்ணா."

மேஸ்திரி மட்டும் சுவர் பக்கம் காதை வைத்து நின்றார். "கேட்டியா? அப்பிடியே அவ இழுக்கற மாதிரியே கீது" என்றார். அவர் முகத்தில் பயமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாலாற்றில் நிஜமாகவே வெள்ளம். வாலாஜாபாத் பாலத்தின் மேல் ஜனங்கள் குடை பிடித்து நின்று, ஏதோ சொந்தக்காரர் வந்தது போலத் தண்ணீரை வேடிக்கை பார்த்தார்கள். மணல் லாரி ஒன்றும் ஓடவில்லை. மேஸ்திரியும் வரவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு, மணல் எப்போது வரும் என்று பார்த்து வரச் சொல்லி செல்லையா என்னை அனுப்பினார். துரை லாரியில்தான் போனேன்.

காலை வெயிலில் ஆறு பளபளவென்று கிடந்தது. பெரிய குழியைத் தேடினோம். இல்லை. அங்கே குழி இருந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை. இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி மணல், அதன் மேல் ஒரு நாரையின் கால் தடம், அவ்வளவுதான். துரை அதன்மேல் நடக்கமாட்டேன் என்று சுற்றிக்கொண்டு வந்தான்.

கீழே குழி தூர்ந்துவிட்டதே, மேஸ்திரி ஜெயித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு மேல்பக்கமாக நடந்தோம். போகப் போக ஆறு மாறியது. மணல் படிப்படியாக இறங்கி, அடியிலிருந்து களிமண் தெரிந்தது. கரை ஒரு பக்கம் கடித்தெடுத்த மாதிரி அறுந்து நின்றது. அறுந்த விளிம்பில் ஒரு புங்கமரம் சாய்ந்து, வேரெல்லாம் வெளியே தொங்கியது.

மரத்தடியில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். நான் முதலில் பார்த்தது அவர் காலைத்தான். முழங்கால் வரை சேறும் மணலும் அப்பிக் காய்ந்திருந்தது. அவர் கழுவவே இல்லை.

"வந்துட்டுது நைனா" என்றார். "கீழ பெருசா காட்டினா கீழ போவும்னு நெனச்சேன். பெரிய குழிக்குப் பெரிய பசி. ஒரே மூச்சுல இங்க வந்துட்டுது. நாலு கல்லயும் காணோம்."

துரை எப்போதும் ஏதாவது பேசுகிறவன். அன்று அவன் வேரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்க போயிருப்பா மேஸ்திரி?" நான்தான் கேட்டேன். 

அவர் ஆற்றின் கீழ்ப்பக்கம் கையைக் காட்டினார். "இங்க இருந்த மண்ணெல்லாம் எங்க போச்சி? அந்தக் குழிய ரொப்பத்தானே போச்சி? அவளும் அங்கதான் கீறா. நான் வெட்டின எடத்துலயே போய்ப் படுத்துகினா." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். "நல்ல ஆழம். கால் நீட்டறதுக்கு எடம் கீது."

அப்போதுதான் துரை வாயைத் திறந்தான். "மேஸ்திரி... மொதலாளி நாளைக்கு அங்கியேதான் லோடு எடுக்கச் சொல்லிட்டாரு. புது மண்ணு, சலிக்கவே வாணாம்னு..."

மேஸ்திரி எழுந்துவிட்டார். அடுத்த நாள் காலை அந்த மணலின் நடுவில் அவர் நின்றாராம். "வேற எடத்துல எடுங்கப்பா, எவ்வளவு ஆறு கீது" என்று ஒவ்வொரு லாரியிடமும் போய்ச் சொன்னாராம். சில டிரைவர்கள் தள்ளிப் போனார்கள். வெளியூர் லாரிகள் போகவில்லை. அவருடைய ஆட்களே தலையைக் குனிந்துகொண்டு மம்முட்டியை எடுத்தார்கள். ஆறு பெரியதாகத்தான் இருந்தது. ஆனால் லாரிகள் நிறைய.

தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அவர் ஒன்று செய்தார். மணலில் காதை வைத்துக்கொண்டே அந்த இடம் முழுக்கத் தவழ்ந்தார். ஒரு இடத்தில் நின்றார். "இந்த லோடு துரை வண்டிக்கு. நானே ஏத்தறேன்" என்று, ஆட்களை விலக்கிவிட்டுத் தனியாகவே ஏற்றினார். மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வாலாஜாபாத்திலிருந்து எங்கள் சைட் வரை அந்த லாரி வந்த வேகத்தைப் பற்றித் துரை வருஷக்கணக்காகப் புலம்பினான். சைக்கிள்காரர்கள் முந்தினார்கள். ஒரு எருமை மாடு முந்தியது. ஒவ்வொரு மேட்டிலும் மேலேயிருந்து கூரையைத் தட்டும் சத்தம்: "மெள்ள, துர! மெள்ள! இப்பத்தான் கண்ண மூடினா!"

கேட்டில் நான் அளவுக் குச்சியை எடுத்தேன். மேஸ்திரி மேலேயிருந்து என்னைப் பார்த்தார். குச்சியை அந்த மணலில் குத்த எனக்குக் கை வரவில்லை. "போட்டும்" என்று விட்டுவிட்டேன். பாண்டு பாண்டாக மெதுவாக இறக்கி, தெற்குக் கோடியில் குவித்தார். அங்கேதான் அடுத்து தளம் போடவேண்டும். குவியலின் சரிவில் மணல் மெல்ல இறங்கியது. புஸ்ஸு... நின்றது. புஸ்ஸு...

நானும் கேட்டேன், பிள்ளைகளே. மத்தியான வெயிலில், அவ்வளவு ஆட்கள் நடுவில் நின்று கேட்டேன்.

அப்போது செல்லையா தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "என்னவே! ஒரு லோடு எறக்க ஒரு யுகமா? மிக்ஸரு சும்மா நிக்கி..."

மேஸ்திரி இரண்டு கையையும் கூப்பினார். "சார்... மெள்ளப் பேசுங்க சார். எங்க வூட்டுக்காரி தூங்கறா."

செல்லையா குவியலைப் பார்த்தார். அது ஒரு தடவை மூச்சு விட்டது.  பிறகு அந்த மனிதர், கொக்கு பறக்கப் பேசுகிற மனிதர், என் காதுக்குப் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார்: "மிக்ஸர வடக்க தள்ளி வைக்கச் சொல்லுடே."

அன்று தளம் போட்டது போல ஒரு வேலையை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அவ்வளவு ஆட்கள், ஒருவர் குரலும் எழும்பவில்லை. பாண்டைக் கீழே போடாமல் வைத்தார்கள். கொத்தனார் கையால் சைகை காட்டினார். யாருக்கோ தும்மல் வந்து, வெளியே ஓடிப்போய் வேலிக்கு அந்தப் பக்கம் தும்மிவிட்டு வந்தான். மேஸ்திரி மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் பார்த்தார். "இந்தப் பக்கம் ஒரு நூல் ஏறிகீது. சரி பண்ணுப்பா. சாஞ்சி சாஞ்சியே காலத்த ஓட்டினவ. மட்டமா இருக்கணும்."

தளம் இறுகிக் காய்ந்த பிறகு ஒருநாள் வந்தார். யாரும் கேட்கவில்லை, அவரே போய் அந்த இடத்தில் மல்லாந்து படுத்துக் காலை நீட்டிப் பார்த்தார். எழுந்து, உள்ளங்கையால் தட்டினார். கல் மாதிரி சத்தம் வந்தது.

"இது எங்கியும் நடக்காது" என்றார். "எந்தக் குழியும் இங்க வராது."

டிரம்மில் தண்ணீர் நிறைய இருந்தது. அவர் அந்தப் பக்கமே போகவில்லை. காஞ்சிபுரம் பஸ்ஸும் ஏறவில்லை. துரை லாரியில் ஆற்றுக்குப் போய், அங்கேயிருந்து நேர் வழியாகவே வீட்டுக்கு நடந்தார் என்று துரை சொன்னான். அதற்குப் பிறகு அவர் மம்முட்டி எடுக்கவில்லை. எங்கள் சைட்டுக்கும் வரவில்லை. மேல்பக்கம் எங்கோ மாடு மேய்க்கிறார் என்று ஒருவர் சொன்னார். ஊர்ப் பெயர் தெரியாததால் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

கொத்தனார்கள் வெல்டிங்காரர்களுக்குச் சொன்னார்கள், வெல்டிங்காரர்கள் மிஷின் மாட்ட வந்தவர்களுக்குச் சொன்னார்கள். காரணம் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. "அங்க சத்தம் போடாத" என்பது மட்டும் ரேவதி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வாலாஜாபாத் பாலத்தில் பஸ் போகும்போது நீங்கள் எட்டிப் பார்த்து, "ஆத்துல மண்ணே இல்லியே, எங்கப்பா போச்சி?" என்று கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை. இந்த ரோட்டில் இரண்டு பக்கமும் எழுந்து நிற்கிறதே, அதுதான் அந்த ஆறு. அதில் யார் யார் இருக்கிறார்களோ. அஞ்சலை இருக்கிற இடம் மட்டும் எனக்குத் தெரியும்.

ஷெட் வேலை முடிந்து, மிஷின் வருவதற்கு முன்னால், பூட்டிச் சாவி ஒப்படைக்கிற அன்று சாயந்திரம் எல்லோரும் போய்விட்டார்கள். ஷெட் வாசலுக்கு ஒரு பெரிய இரும்பு ஷட்டர் மாட்டியிருந்தார்கள். அதை இறக்கினால் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படி ஒரு சத்தம். நான் டீக்கடையில் கேட்டுக் கொஞ்சம் எண்ணெய் வாங்கி வந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, ஷட்டர் ஓடுகிற இரண்டு பக்கத்துப் பள்ளத்திலும் மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினேன். சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒரு கண்ணி, ஒரு கண்ணியாக விட்டு, தரையில் படும்போது காலைக் கொடுத்துத் தாங்கி, சத்தமில்லாமல் இறக்கினேன்.